குஞ்சோடு திரியும் தோமான்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மகனுக்குப் பன்னிரண்டு வயது, கைப்பேசியில் எந்நேரமும் தோமான் மீன் பிடிக்கும் காணொளிதான் பார்க்கிறான், வருகிற பள்ளி விடுமுறையில் அவனைக் கோலா கங்சாருக்குக் கூட்டி வரலாமா, படகோடு வழிகாட்டி அமர்த்துவதென்றால் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆனால் யார் படகில் ஏறுவது என்று முடிவு செய்வதற்கு முன் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் உபுடியா மசூதியைப் பார்க்கிறார்கள். 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் மிஞ்சி நிற்கும் அந்த ஒற்றை மரத்தைப் பார்க்கிறார்கள். லாபு சாயோங் மண்கூசா ஒன்று வாங்குகிறார்கள். ஆற்றோரம் லக்சா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. பேராக் ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடுகிறது. தீபகற்பத்தில் பஹாங் ஆற்றுக்கு அடுத்து இதுதான் நீளம். எங்கள் ஊரைத் தொடுவதற்குள் நான்கு அணைகளில் நின்று நின்று வருகிறது: தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், கடைசியாகச் செண்டரோ.

செண்டரோதான் நான்கிலும் மூத்தது. 1930-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய கப்பல்களுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று இந்த ஆற்றை மறித்தது. ஈயக் கப்பல்கள் ஓய்ந்துவிட்டன. அணை இன்னும் ஓடுகிறது. அதற்கு மேலே தேங்கிய நீருக்கு நூறு வயதாகப் போகிறது. கரையோரம் நாணலும் தாமரையும் நீர்ப்பாசியும் மண்டி, ஏரியா பழைய ஆறா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. லெங்கோங் சாலையில் போகும்போது கண்ணில் படுகிற ராபான் ஏரியும் அந்த நீர்தான்.

உங்கள் மகன் பார்க்கும் காணொளிகளில் முக்கால்வாசி தெமெங்கோரில் எடுத்தவையாக இருக்கும். 1970-களில் கட்டிய அணை அது, 152 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. நீர் ஏறியபோது தெமியார் மக்களும் ஜஹாய் மக்களும் தங்கள் ஆற்றங்கரைகளை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. இன்று அங்கே படகு ஓட்டி வழிகாட்டும் சிலர் அவர்களுடைய பிள்ளைகள். தெமெங்கோர் பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் படகு வீட்டில் தங்கிப் பிடிக்கும் இடம். காற்று எழுந்தால் அலையும் எழும். நீருக்கடியில் பட்ட மரங்கள் நிற்கின்றன. முதல் தடவை வருகிற பையனுக்குச் செண்டரோ போதும். காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும் முன் கரைக்கு வந்துவிடலாம்.

இனி மீன். தோமான் நம் விராலின் இனம்தான், உருவம் மட்டும் பெரிது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். விராலுக்கு இருப்பதைவிடப் பற்கள் கூர்மை. நைலான் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதால் தூண்டிலுக்கு முன்னால் கம்பி கட்டுவார்கள். செபாராவ் என்றொரு மீன் உண்டு. கெண்டை இனம், உடம்பின் நடுவே கறுப்புப் பட்டை, ஓடும் நீரில் சிறுமீனை விரட்டி அடிக்கும். கெண்டையா இப்படி இழுக்கிறது என்று முதல் தடவை யாருக்கும் நம்ப முடியாது. பெலிடா, தாப்பா, பாவூங் எல்லாம் இருட்டுக்கும் ஆழத்துக்கும் உரியவை. இவை அத்தனைக்கும் இரை லோமா போன்ற சின்ன மீன்கள். லெங்கோங்கில் பெக்காசாம் என்று மீனை ஊறப் போடுகிறார்களே, அதே லோமாதான்.

ஈப்போ, பத்து காஜா, கம்பார் பக்கம் பழைய ஈயக் குட்டைகளில் பீகாக் பாஸ் பிடிக்கக் கூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது தென்னமெரிக்க மீன். யாரோ ஆசைக்குக் கொண்டு வந்து விட்டார்கள், பெருகிவிட்டது. மஞ்சளும் கறுப்பும் வாலில் கண் போன்ற புள்ளியுமாகப் படத்துக்கு அழகாக இருக்கும். நம் ஊர்ச் சிறுமீன்களை அது தின்று தீர்க்கிறது. அதைப் பிடித்தால் திரும்ப விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள்.

தோமான் விஷயம் வேறு. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. நானும் என் தங்கை மகனும் செண்டரோவில் ஒரு மலாய்க்காரருடைய படகில் இருந்தோம். அறுபதைத் தாண்டியவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். ஆறரை மணிக்கு ஜெட்டியை விட்டோம். பனி நீரின் மேல் படுத்திருந்தது. கால்மணி நேரம் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டார். துடுப்பைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்காமலே வலிப்பார். சொட்டுகிற சத்தம்கூட இருக்காது. தோமான் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய மீன். செவுள் இருந்தாலும் காற்றைக் குடித்துத்தான் வாழ்கிறது. அது வந்து போகும் ஒரு ‘குப்’பென்ற ஓசையை வைத்து, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு பெரிது என்று அவர் சொல்லிவிடுவார். வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு பெரும்பாலும் இந்தக் காதுக்குத்தான்.

எட்டு மணி இருக்கும். தாமரை இலைகளுக்கு வெளியே, படகிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில், தண்ணீர் திடீரென்று கொதிப்பது போல் ஆயிற்று. மழைத்துளி விழுகிற மாதிரி, ஆனால் கீழிருந்து மேலே. நூற்றுக்கணக்கான குஞ்சுகள். ஒவ்வொன்றும் சுண்டு விரல் நீளம்கூட இல்லை, செங்காவியும் ஆரஞ்சும் கலந்த நிறம். எல்லாம் ஒன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்து, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாகக் கீழே போயின. அரை நிமிடம் நீர் சும்மா கிடந்தது. பிறகு இரண்டு முழம் தள்ளி மறுபடியும் அந்தச் சிவப்பு. அதற்கு நேர் கீழே, பாசி நிறத்தில், ஒரு பெரிய முதுகு. அதன் பக்கத்தில் இன்னொன்று. தாயும் தகப்பனும்.

தோமான் இணையாக நின்று குஞ்சு காக்கிற மீன். முட்டையிடும் முன் நீர்ச்செடிகளுக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி வைக்கும். முட்டை மிதக்கும். அன்றிலிருந்து காவல்தான். குஞ்சு மூச்சுக்கு மேலே வரும்போதெல்லாம் கீழே பெரியது நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாயும். நீந்துகிற மனிதரைக்கூடக் கடித்திருக்கிறது. அதனாலேயே, குஞ்சுக் கூட்டத்தின் மேல் தவளைப் பொம்மையை வீசி, குறுக்கே தடதடவென்று இழுத்தால், பெரிய மீன் கட்டாயம் வந்து அடிக்கும். பசிக்கு அடிப்பதில்லை. குஞ்சைத் தின்ன எதுவோ வந்துவிட்டது என்று அடிக்கிறது. ஊர் பேர் தெரியாதவன் வீசினாலும் அந்த மீன் கிடைக்கும். உங்கள் மகன் பார்க்கிற காணொளிகளில், நீர் வெடித்து மீன் எழும்பும் காட்சிகளில் பல இப்படிக் கிடைத்தவை.

என் தங்கை மகன் கோலைத் தூக்கிவிட்டான். பாக்சிக் கையை நீட்டி அதன் நுனியைப் பிடித்தார். "ஜாங்கான்," வேண்டாம் என்றார். "அனாக் டியா மாசே கெச்சில்." அதன் பிள்ளைகள் இன்னும் சின்னவை. வேறு எதுவும் சொல்லவில்லை. துடுப்பைப் போட்டுப் படகைத் திருப்பிக்கொண்டார். பையன் முகம் வாடிவிட்டது. அன்று மதியம் வரை எங்களுக்கு ஒரு சின்னத் தோமானும் இரண்டு செபாராவும்தான் கிடைத்தன. பாக்சிக் தம் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார். குஞ்சு பார்த்த இடத்தையும் எழுதிக்கொண்டார்.

அந்தச் சிவப்பை நான் முதலில் பார்த்தது செண்டரோவில் அல்ல. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ரப்பர் மரங்களுக்கு இடையே கான்கள் ஓடும். மழைக்காலத்தில் அந்தக் கான்களில் விரால் ஏறும். அப்பா பால் நிறுத்துவிட்டு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியும் குட்டித் தவளையுமாகப் போவார். தங்கை பிறந்த சமயம் அம்மாவுக்கு லயத்துக் கிழவிகள் எல்லோரும் சொன்ன ஒரே மருந்து விரால் சூப்தான். மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒத்துப்போகிற விஷயம் அது. புண் ஆறவும் பிரசவித்த உடம்பு தேறவும் விரால், மலாயில் ஹாருவான். அப்பாவுக்கு அன்று வேலை ஓயவில்லை. பத்து வயதில் நான் போனேன்.

கானில் செங்காவித் தூள் தூவினாற்போல் குஞ்சுகள் நின்றன. விரால் குஞ்சும் சின்னதில் சிவப்புத்தான். அதற்கு மேலே தவளையைத் தொங்கவிட்டேன். விட்ட கையோடு இழுத்தது. என் முழங்கை நீளம் இருந்தது மீன். ஓடிப்போய் அம்மாவிடம் கொடுத்தேன், லயமே கூடிப் பாராட்டியது. சாயந்தரம் பெருமையில் மறுபடியும் அதே இடத்துக்குப் போனேன். குஞ்சுகள் அங்கேதான் இருந்தன. கூட்டம் பாதியாகியிருந்தது. கெளுத்திகள் ஓரத்திலிருந்து வந்து வந்து கொத்திக்கொண்டு போயின. மிச்சமிருந்தவை கலைந்து ஓடவில்லை. மூச்சுக்கு மேலே வந்து, கீழே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. மறுநாள் காலை கானில் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு அந்த மீன் வேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு படத்துக்காக, ஐந்து நிமிடச் சந்தோஷத்துக்காக, வீட்டில் யாருக்கும் தேவைப்படாத மீனை அந்த இடத்திலிருந்து தூக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குஞ்சின் மேல் வீச வைக்கிற வழிகாட்டிகள் கெட்டவர்கள் அல்லர். வாடிக்கையாளர் பெரிய காசு கொடுத்துத் தூரத்திலிருந்து வருகிறார், வெறுங்கையோடு போனால் திரும்ப வரமாட்டார் என்கிறார்கள். பிடித்த உடனே விட்டுவிடுகிறோமே என்கிறார்கள். தோமானே மற்ற மீன்களைத் தின்கிற மீன், கொஞ்சம் குறைந்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். விட்டுவிடுவது நல்லதுதான். ஆனால் பத்து நிமிடம் இழுத்து, படகில் போட்டு, படம் எடுத்து, வேறு இடத்தில் விட்ட மீன் களைத்துத் தன் குஞ்சுகளிடம் போய்ச் சேருவதற்குள் நான் கானில் பார்த்தது நடந்து முடிந்திருக்கும். தோமான் பெருகிவிட்டது என்கிற பேச்சை, இருபது வருடமாக அந்த நீரில் இருக்கிற ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

வழிகாட்டி வைத்துக்கொண்டு மீன் பிடிப்பதே தப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காவிரியைப் பாருங்கள். கர்நாடகத்தில் பீமேஸ்வரி என்ற இடத்தில், மஹ்சீர் என்கிற பெரிய கெண்டையைத் தூண்டிலில் பிடித்து எடை பார்த்துத் திரும்ப விடுவதற்கென்றே முகாம் நடத்தினார்கள். எங்கள் ஆற்றின் கெலா மீனுக்கு அது பங்காளி. 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் ஒன்று தூண்டிலில் கிடைத்தது, இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த ஆற்றில் வெடி வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களுக்கே முகாம்களில் வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிற மீனால் மாதச் சம்பளம் வந்தது. வெடிச் சத்தம் அந்தப் பகுதியில் அடங்கியது. பிறகு பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் தூண்டிலே கூடாது என்று 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முகாம்களில் மீன் பிடிப்பது நின்றது. காவலுக்கு நின்றவர்களும் போனார்கள்.

அந்த ஆற்றங்கரை முகாம் ஒன்றில் இன்னொன்றும் நடந்தது. வந்தவர்கள் பிடித்த ஒவ்வொரு மீனையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துப் புரட்டிப் பார்த்தபோதுதான், காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் வருடா வருடம் அருகிக்கொண்டே வந்ததும், வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் வெளிச்சத்துக்கு வந்தன. 2018-இல் அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு, அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் உயிர் என்று உலகப் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டில் மோயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மீன் பிடித்தவர்கள் எழுதிய நோட்டு இல்லையென்றால் அது போய்க்கொண்டிருப்பதே தெரிந்திருக்காது. பாக்சிக் சட்டைப் பையில் இருக்கும் நோட்டை நான் அற்பமாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

எங்கள் ஆற்றிலும் திருட்டு வேலை உண்டு. பேட்டரி வைத்து நீரில் மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள், தூபா வேரை அரைத்துக் கரைக்கிறவர்கள். 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, விஷம், மின்சாரம் மூன்றையும் தடை செய்திருக்கிறது. ஆனால் நள்ளிரவில் செண்டரோவின் உள்வளைவில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க, அந்த நீரை நம்பிப் பிழைக்கிற ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் படகுக் கூலியால் அப்படி ஒருவர் அங்கே இருக்க முடிகிறது. அதனால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. ஒருவர் பெயரைச் சொல்லி இவரிடம் போங்கள் என்று பத்திரிகையில் எழுதுவது முறையல்ல. தொலைபேசியில் பேசும்போது இதைக் கேளுங்கள்: "குஞ்சோடு தோமான் கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்?" "கட்டாயம் பெரிய மீன் கிடைக்கும், கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். பெரிய மீன் கட்டாயம் என்று சொல்ல முடிவது அந்த ஒரு வழியில்தான். "தள்ளிப் போய்விடுவேன்" என்று சொல்கிறவரிடம் அன்றே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் முள்ளின் உள்பக்கம் இருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். மீன் வாயிலிருந்து சுலபமாகக் கழலும். உங்கள் மகன் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழலும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். தாடையில் கருவியை மாட்டி அந்தரத்தில் தொங்கவிடாமல், வயிற்றுக்கடியில் இன்னொரு கையைக் கொடுத்துக் கிடையாகப் பிடிக்கப் பழக்குங்கள். படகின் பிளாஸ்டிக் தரை வெயிலில் கொதிக்கும், அதில் மீனைக் கிடத்தவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் கலங்கி மண்ணாக வரும். அப்போது வராதீர்கள். அணைக்குக் கீழே, ஊர்ப்பக்கம் கரையில் நின்று பிடிப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மேலே மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் ஆறு மழையே இல்லாமல் ஏறும். மணல்திட்டில் பையனைத் தனியாக நிற்க விடாதீர்கள்.

உயிர்காக்கும் சட்டை படகில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் பெரியவர்கள் அளவில்தான் இருக்கும். உங்கள் மகன் அளவுக்கு ஒன்று ஈப்போவிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். அவனுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். என்ன மீன், என்ன நீளம், எந்த இடம், எத்தனை மணி, எங்கே சிவப்புக் குஞ்சு பார்த்தான் என்று அவன் எழுதட்டும். ஒரு பக்கத்தை நகல் எடுத்து எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோலா கங்சாரிலிருந்து ஒரு பழைய தோட்டத்துக்காரன்